ஒரு ஸ்டேஷனைக் கற்றுக்கொண்டால் போதும்

பாரிசில் மகனோ மகளோ இருக்கிற பெற்றோர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். புதுச்சேரியில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம், பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கமும் உண்டு. புதுச்சேரிக்குப் பெண் கொடுத்தவர்கள், அங்கிருந்து எடுத்தவர்கள், அந்த உறவின் வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை கிடைத்தவர்கள் என்று குடிகாட்டில் உட்கார்ந்துகொண்டே என்னால் நாலைந்து குடும்பங்களை எண்ண முடியும். மூன்று மாத விசாவில் போகிறார்கள். கூடவே வடகம், ஊறுகாய், பொடி வகைகள் எல்லாம் போகின்றன. திரும்பி வந்ததும் "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈபிள் கோபுரம், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலோ விருந்து. மற்ற எண்பது சொச்சம் நாளும் நாலாவது மாடி ஜன்னல்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. காலையில் இருட்டோடு வேலைக்குப் போனால் இரவுதான் வருகிறார்கள். போகும்போது, "தனியா வெளியே போகாதீங்க, வழி தெரியாம போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர்களும் பயந்துகொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கடலூர் பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்த மனிதர், பாரிசில் போய் இறங்கியதும் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டிய குழந்தையாகிவிடுகிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

என் கருத்து இதுதான். பாரிஸ் மெட்ரோவில் முந்நூறுக்கு மேல் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அத்தனையும் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு ஸ்டேஷனை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் போதும். அது எந்த ஸ்டேஷன் என்று கேட்டால், தமிழர்களுக்கு லா ஷப்பேல் என்பேன். ஈழத் தமிழர்கள் அதை லாச்சப்பல் என்று தம் வாய்க்கு வசதியாக ஆக்கிக்கொண்டார்கள். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த என் பழைய வாத்தியார் கேட்டால் முகம் சுளித்திருப்பார். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிவழியில் படித்தவன். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிற புதுச்சேரிக்காரர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அக்காவை மணந்தவர் சோல்தா. அதனால் அவர்கள் அங்கே போனார்கள், நான் இங்கே அரசாங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, கோப்பு கட்டி, ஓய்வு பெற்றேன். அக்கா மகன் அழைத்து இரண்டு தடவை மனைவியோடு போய்த் தங்கியிருக்கிறேன். எதையும் குறிப்பெடுத்து வைக்கும் உத்தியோகப் பழக்கம் அங்கேயும் விடவில்லை. அந்தக் குறிப்புகளிலிருந்துதான் எழுதுகிறேன்.

படி எத்தனை என்று சொல்லாத புத்தகங்கள்

வழிகாட்டிப் புத்தகங்கள் பழைய மெட்ரோ ஸ்டேஷன்களைப் பற்றி எழுதாமல் இல்லை. மோன்மார்த்ரில் அபெஸ் என்ற ஸ்டேஷனைத் தவறாமல் சொல்லுவார்கள். தரையிலிருந்து 36 மீட்டர் ஆழம், பாரிஸ் மெட்ரோவிலேயே ஆழமானது. வாசலில் ஹெக்தோர் கிமார் வரைந்த இரும்பும் கண்ணாடியுமான கூரை. உள்ளே சுழன்று இறங்கும் படிக்கட்டு, சுவரெல்லாம் ஓவியம். "படிக்கட்டில் இறங்கிப் பார்க்கத் தவறாதீர்கள்" என்று எழுதிவிடுவார்கள். 36 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட சிதம்பரம் கோபுரத்தை மண்ணுக்குள் தலைகீழாக இறக்கிய மாதிரி. முட்டியில் வலி உள்ள ஒரு அம்மாள் அதை நம்பி இறங்க ஆரம்பித்தால் பாதியில் என்ன செய்வார்? அங்கே லிஃப்ட் இருக்கிறது. அதைத்தான் முதல் வரியில் சொல்ல வேண்டும், ஓவியத்தை இரண்டாவது வரியில் சொல்லலாம்.

வழிகாட்டி என்பது வயதானவர்களுக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும். எத்தனை படி, எந்தப் பக்கம் வாசல், எங்கே உட்காரலாம், கழிவறை எங்கே, காசு எவ்வளவு. இந்த ஐந்துக்கும் பதில் சொன்ன பிறகு அழகைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். லா ஷப்பேல் பற்றியோ, பல புத்தகங்களில் "கூட்டமான பகுதி, கவனம் தேவை" என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே என்னால் முடிந்த அளவு நானே எழுதுகிறேன்.

வெளிச்சத்தை எண்ணுங்கள்

நம்மூரில் சப்வே என்றால் லாரன்ஸ் ரோட்டில் தண்டவாளத்துக்கு அடியில் போகிற வழிதான் ஞாபகம் வரும். பாரிசில் அது மண்ணுக்குள் ஓடும் ரயில். 1900 ஜூலை 19-ஆம் தேதி முதல் பாதை திறந்தார்கள். லண்டனில் 1863-லேயே வந்துவிட்டது. ஆனால் இன்று சென்னையிலும் கொல்கத்தாவிலும் நாம் சொல்கிற 'மெட்ரோ' என்ற சொல், பாரிஸ்காரர்கள் 'மெத்ரொபொலித்தேன்' என்ற நீளமான பெயரை நறுக்கிச் செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. லா ஷப்பேல் மண்ணுக்குள் இல்லை. தலைக்கு மேலே, இரும்புப் பாலத்தின் மேல் இருக்கிறது. இது இரண்டாம் நம்பர் பாதை. மேற்கே போர்த் தோஃபின், கிழக்கே நசியோன். இடையில் வடக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள், கிழக்கு ரயில் நிலையத்தின் தண்டவாளங்கள், சேன் மர்த்தேன் கால்வாய் என்று வரிசையாகக் குறுக்கே வந்ததால், அந்த இடத்தில் மட்டும் ரயிலை மேலே ஏற்றிவிட்டார்கள். பாலத்துக்கும் ஸ்டேஷன்களுக்கும் உருவம் கொடுத்தவர் ஃபொர்மிஷே என்ற கட்டடக் கலைஞர். லா ஷப்பேல் திறந்தது 1903 ஜனவரி 31.

இந்த மேம்பாலத்தில் நாலே நாலு ஸ்டேஷன்கள். மேற்கிலிருந்து வரிசையாக பார்பெஸ், லா ஷப்பேல், ஸ்தாலின்கிராத், ஜோரெஸ். எழுத்துத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. மேற்கேயிருந்து, அதாவது எத்வால் பக்கமிருந்து வந்தால், ரயில் இருட்டிலிருந்து வெளியே வந்த பிறகு இரண்டாவது ஸ்டேஷன் லா ஷப்பேல். கிழக்கேயிருந்து, நசியோன் பக்கமிருந்து வந்தால் மூன்றாவது. பலகை படிக்க வேண்டாம், அறிவிப்பு புரிய வேண்டாம், வெளிச்சம் வந்ததிலிருந்து எண்ணினால் போதும்.

என் மனைவிக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்தும் தெரியாது. அக்கா மகன் வீடு இதே பாதையில் அவ்ரோன் பக்கம். நசியோனுக்கு முந்தின ஸ்டேஷன். இரண்டாவது தடவை போயிருந்தபோது, மூன்று நாள் அவளோடு நானும் போய் வந்தேன். நாலாவது நாள், "வெளிச்சம் வந்தா மூணாவது, திரும்பும்போது இருட்டு வந்தா எட்டாவது, அவ்ளோதானே? நீங்க வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் தனியாகக் கிளம்பிவிட்டாள். அக்கா மகனுக்கு விஷயம் தெரிந்ததும் போனில் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நீங்க எப்படி விட்டீங்க?" பகல் பன்னிரண்டுக்கு அவள் இரண்டு முருங்கைக்காயும் ஒரு கட்டுக் கறிவேப்பிலையுமாக வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து லா ஷப்பேலை அவள் "என் ஸ்டேஷன்" என்றுதான் சொன்னாள். முருங்கைக்காய்க்காக அவள் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மாதமாக யாராவது கூட்டிப் போனால்தான் வெளியே என்று இருந்தவள் அவள்.

குரலை நம்பியவர்கள், பலகையை நம்ப வேண்டும்

நம் பயணிகள் அங்கே ஏன் திகைக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். இங்கே நாம் குரலை நம்பிப் பயணம் செய்கிறவர்கள். கடலூரில் "சிதம்பரம், சிதம்பரம்" என்று கண்டக்டர் கூவுவதைக் கேட்டு ஏறுகிறோம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறோம். அவர் இறங்க வேண்டிய இடம் வந்ததும் தட்டி எழுப்பவும் செய்கிறார். பாரிசில் யாரும் கூவுவதில்லை. எல்லாவற்றையும் பலகை சொல்கிறது. பலகையில் நாலு வார்த்தை தெரிந்தால் போதும்.

முதல் வார்த்தை 'திரெக்ஸியோன்'. எந்தப் பக்கம் போகிற வண்டி என்பது. நாம் இறங்கப் போகிற ஊரை அது சொல்லாது, பாதையின் கடைசி ஊரைத்தான் சொல்லும். விழுப்புரம் போகிறவர் சென்னை வண்டியில் ஏறுவது மாதிரி. இரண்டாவது 'கே'. அதாவது நடைமேடை. மூன்றாவது 'கொரெஸ்பொந்தான்ஸ்'. வேறு பாதைக்கு மாறும் இடம். நாலாவது 'சொர்த்தி'. வெளியே போகும் வழி. இந்த நாலையும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

'சொர்த்தி' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதுவும் இந்தப் பாதையின் கதைதான். 1903 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, லா ஷப்பேல் திறந்து ஆறு மாதம் அப்போதுதான் தாண்டியிருந்தது. பார்பெஸில் ஒரு வண்டியில் புகை வந்தது. பயணிகளை இறக்கிவிட்டு, காலி வண்டியை லா ஷப்பேல் வழியாகவே கிழக்கே கொண்டுபோனார்கள். அது மெனில்மோந்தானில் பற்றி எரிந்தது. பின்னால் வந்த வண்டி கூரோன் ஸ்டேஷனில் நின்றது. வெளியே போகச் சொன்னபோது சிலர் டிக்கெட் காசு 15 சாந்தீமைத் திருப்பிக் கொடுத்தால்தான் போவோம் என்று வாதாடிக்கொண்டு நின்றார்கள். அதற்குள் புகை சூழ்ந்தது, விளக்கு அணைந்தது. இருட்டில் பலர் வழியில்லாத கடைசிப் பக்கம் ஓடிவிட்டார்கள். மொத்தம் 84 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஸ்டேஷன் விளக்குக்குத் தனி மின்சாரம், வெளியேறும் வழிக்கு எரியும் பலகை என்றெல்லாம் வந்தன. ஆகவே ஒரு ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் 'சொர்த்தி' எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழகிவிட்டால் அது செருப்பு விட்ட இடத்தைப் பார்த்து வைப்பது மாதிரிதான். சிதம்பரத்தில் கீழ கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு மேல கோபுரம் வழியாக வெளியே வந்தவர்களுக்கு, தவறான வாசலில் வெளிவருவது என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்க் குழப்பம்

'ஷப்பேல்' என்றால் சிறு தேவாலயம். பாரிசில் இந்தப் பெயரில் மூன்று இடங்களைக் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது நம்முடைய லா ஷப்பேல். இரண்டாவது 'போர்த் த லா ஷப்பேல்', அது பன்னிரண்டாம் பாதையில் நகரத்தின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. 2024 ஒலிம்பிக்கில் பேட்மின்டன் ஆடிய அரங்கம் அங்கேதான். மூன்றாவது 'சேந்த் ஷப்பேல்', பதின்மூன்றாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வண்ணக் கண்ணாடித் தேவாலயம். அதற்கு நாலாம் பாதையில் சித்தே ஸ்டேஷனில் இறங்க வேண்டும். யாரிடமாவது வழி கேட்டால் "லா ஷப்பேல், மெத்ரோ இரண்டு" என்று எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள், சார்ல் த கோல் நிலையத்திலேயே புறநகர் ரயிலான ஏர்-உ-ஏர் பி-யில் ஏறினால் நேராகக் கார் து நோர் என்ற வடக்கு ரயில் நிலையத்துக்கு வரலாம். அங்கிருந்து லா ஷப்பேலுக்குத் தரைக்கு அடியிலேயே நடைபாதை இருக்கிறது. நீளமான நடை. பெட்டி படுக்கையோடு அதில் வர வேண்டாம். முதல் நாள் பிள்ளைகள் வந்து அழைத்துப் போகட்டும்.

காசு, படி, கழிவறை

2025 ஜனவரியில் டிக்கெட் முறையை மாற்றினார்கள். மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே டிக்கெட், 2.50 யூரோ என்று வைத்தார்கள். விமான நிலையத்துக்கு மட்டும் தனி, அப்போது 13 யூரோ என்று வைத்தார்கள். பழைய அட்டை டிக்கெட்டு போய் நவிகோ ஈஸி என்ற அட்டை வந்துவிட்டது. அட்டை விலை 2 யூரோ, அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். கணவன் மனைவி இருவரும் ஒரே அட்டையைத் தேய்த்து உள்ளே போக முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். வெளியே வரும்வரை அட்டை கையில் இருக்கட்டும், பரிசோதகர் கேட்பார்.

படி விஷயத்தில் பாரிஸ் மெட்ரோ வயதானவர்களுக்கு நல்லதல்ல. இதை மூடி மறைக்க முடியாது. முழுப் பாதையும் படியில்லாமல் ஏறி இறங்கலாம் என்றால் 1998-ல் திறந்த பதினாலாம் பாதை ஒன்றுதான். இரண்டாம் பாதை நூற்றிருபது வயசுப் பாதை. லா ஷப்பேலில் தெருவிலிருந்து மேலே ஏறத்தான் வேண்டும். நம் சென்னை மெட்ரோ 2015-ல் ஆரம்பித்தபோதே லிஃப்டோடு ஆரம்பித்தார்கள். கட்டும்போதே யோசித்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. இவ்வளவு பணக்கார நகரம் பழைய ஸ்டேஷன்களின் அழகைக் காப்பாற்றுவதில் காட்டுகிற அக்கறையில் கொஞ்சத்தையாவது முட்டிவலிக்காரர்கள் மேலும் காட்டலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். படி ஏறவே முடியாதவர்கள் பஸ்ஸைப் பழகிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் சாய்தளம் இருக்கிறது, ஜன்னல் வழியாக ஊரையும் பார்க்கலாம்.

மெட்ரோ ஸ்டேஷனுக்குள் கழிவறையை எதிர்பார்க்காதீர்கள். தெருவில் தானாகக் கதவு திறக்கிற சாம்பல் நிறக் கூண்டுகள் இருக்கும். 2006 முதல் அவை இலவசம். வயதானவர்கள் வெளியே போகத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எங்கே ஒரு கூண்டு இருக்கிறது என்று முதல் தடவையே பார்த்து வைத்துக்கொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

இறங்கிய பிறகு

படி இறங்கினால் பாலத்துக்கு அடியில், அகலமான சாலையின் நடுவில் நிற்பீர்கள். ஒரு காலத்தில் பாரிசின் எல்லைச் சுவர் இந்த வரிசையில்தான் இருந்தது. உள்ளே வரும் சரக்குக்கு வரி வாங்கக் கட்டிய சுவர். லா ஷப்பேல் அப்போது தனிக் கிராமம், 1860-ல்தான் பாரிசோடு சேர்த்தார்கள். வரி வசூலித்த பழைய கட்டடம் ஒன்று அடுத்த ஸ்டேஷனான ஸ்தாலின்கிராத் பக்கத்தில் வட்டமாக இன்னும் நிற்கிறது.

தெற்குப் பக்கம் கடந்தால் முனையில் புஃப் து நோர் என்ற நாடக அரங்கம். பாழடைந்து கிடந்ததை 1974-ல் பீட்டர் புரூக் திறந்து நடத்தினார். 1985-ல் அவர் ஒன்பது மணி நேர மகாபாரதத்தை மேடையேற்றினார். அவிஞ்ஞோனில் தொடங்கி, பிறகு இந்த அரங்கத்திலும் நடந்தது. திரௌபதியாக நடித்தவர் மல்லிகா சாராபாய். நம் ஊர்த் திரௌபதியம்மன் கோவில் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

அந்த அரங்கத்தை ஒட்டித் தெற்கே போகும் ஃபோபூர் சேன் தெனி தெருவும், அதிலிருந்து பிரியும் கை, பெர்தொனே தெருக்களும்தான் தமிழ்க் கடைத்தெரு. எழுபதுகளில் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் தெற்கே பசாஜ் பிராடியில் கடை வைத்தார்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்த ஈழத் தமிழர்கள் இந்தத் தெருக்களை உருவாக்கினார்கள். பெயர்ப் பலகையெல்லாம் தமிழில். புடவை, நகை, கறிகாய், சாப்பாடு, முடிதிருத்தம் எல்லாம் உண்டு. ஸ்டேஷனுக்கு வடக்கே பஜோல் தெருவில் 1985-ல் ஏற்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசி வாக்கில் தேர் வரும். தெருவெல்லாம் தேங்காய் உடையும். புதன், சனி காலைகளில் பாலத்துக்கு அடியில், பார்பெஸ் பக்கம் சந்தை கூடும். கூட்டமான சந்தை, பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று ஆட்சேபணைகள்

நான் இப்படிச் சொன்னால் பிள்ளைகள் மூன்று ஆட்சேபணைகள் சொல்வார்கள்.

திருட்டு என்பார்கள். உண்மைதான். கார் து நோரிலும் பார்பெஸிலும் ஜேப்படி உண்டு. கள்ளச் சிகரெட் விற்கிறவர்கள் நிற்பார்கள். பாலத்துக்கு அடியில் அகதிகள் கூடாரம் போட்டுக் கிடந்து, 2015 ஜூனில் போலீஸ் அகற்றியதும் உண்டு. ஆனால் அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால், பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கும் நம்மவர்களும் கையில் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தவர்கள்தான் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு, பாஸ்போர்ட்டின் நகலை எடுத்துக்கொண்டு, பகலில் போய்ப் பகலில் திரும்பினால் போதும். திருவிழாக் கூட்டத்தில் பர்ஸைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

மொழி தெரியாது என்பார்கள். அதற்காகத்தான் லா ஷப்பேல். தொலைந்து போனாலும் தமிழில் வழி கேட்கக்கூடிய ஸ்டேஷன் பாரிசில் இதுதான். "ஐயா, எப்படிப் போகணும்?" என்றால் "எங்க போகப் போறீங்கள்?" என்று பதில் வரும்.

மூன்றாவது ஆட்சேபணை கொஞ்சம் கனமானது. "அவ்வளவு தூரம் போயும் தமிழ்க் கடைத்தெருதானா? அதற்குக் கடலூர் மஞ்சக்குப்பமே போதுமே" என்பார்கள். சரியான கேள்வி. என் பதில், லா ஷப்பேலோடு நிற்கச் சொல்லவில்லை என்பதுதான். அது முதல் படி. அங்கே பயம் தெளிந்த பிறகு, பாதை மாறாமல் அதே இரண்டாம் நம்பரில் போர்த் தோஃபின் பக்கம் ஏறுங்கள். இரண்டாவது ஸ்டேஷன் அன்வேர். சாக்ரே கேர் பேராலயத்துக்கு அங்கேதான் இறங்க வேண்டும், குன்றின் மேலே கேபிள் ரயில் போகிறது. இன்னும் போனால் பிளான்ஷ், மூலேன் ரூஜ் அங்கே. மோன்சோவில் அருமையான பூங்கா, பெஞ்சில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடலாம். எத்வாலில் வெற்றி வளைவு. கடைசி ஸ்டேஷன் போர்த் தோஃபினில் கிமாரின் கண்ணாடிக் கூரை, 1900-ல் வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. அபெஸில் இருப்பது 1974-ல் வேறு ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து வைத்தது. எதிர்ப் பக்கம் நசியோன் வண்டியில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் பேர் லஷேஸ், பெரிய எழுத்தாளர்களும் இசைக்காரர்களும் உறங்கும் கல்லறைத் தோட்டம். இத்தனைக்கும் ஒரு தடவைகூட வண்டி மாற வேண்டாம். பாதை தவறிவிட்டதாகத் தோன்றினால் இறங்கி எதிர்ப் பக்கம் ஏறுங்கள், வெளிச்சம் வந்ததும் எண்ணத் தொடங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

பாரிசில் இருக்கும் தம்பி, தங்கைகளே, அப்பா அம்மா வந்த முதல் வாரம் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். ஈபிள் கோபுரம் இன்னொரு நாள் ஆகட்டும், அது எங்கேயும் போய்விடாது. வீட்டு வாசலிலிருந்து லா ஷப்பேல் வரை கூட்டிப் போங்கள். முதல் தடவை நீங்கள் முன்னால் நடங்கள். இரண்டாவது தடவை அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள், வாயைத் திறக்காதீர்கள். மூன்றாவது தடவை ஸ்டேஷனில் காத்திருந்து, அவர்களைத் தனியாக வரச் சொல்லுங்கள். உங்கள் வீடு வேறு பாதையில் இருந்தால் மாறும் இடத்தை ஒன்றுக்கு நாலு முறை காட்டிக் கொடுங்கள். கையில் போன், சட்டைப்பையில் வீட்டு முகவரி, இருவரிடமும் ஆளுக்கொரு அட்டை. அவ்வளவுதான். உங்களை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தவர்கள் அவர்கள்தான். அந்தத் துணிச்சலில் பாதியாவது உங்களுக்கு வேண்டும்.

பெற்றோர்களுக்குச் சொல்வது, மூட்டுவலி மாத்திரையோடு இந்தப் பதிவையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். பழகிக்கொண்டு திரும்பி வந்தவர்கள், இதில் நான் விட்டுவிட்டது என்ன என்று எழுதுங்கள். குறிப்பாகப் படிகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.